கோழிக் காயமும் அச்சடித்த சாட்சியும்

1997இல் மஞ்சளை அமெரிக்காவிடமிருந்து மீட்டுவிட்டோம் என்று பேச்சுப் போட்டி மேடைகளில் இன்றைக்கும் முழங்குகிறார்கள். மீட்டது உண்மைதான். ஆனால் யார் கையிலிருந்து வாங்கி யார் கையில் கொடுத்தார்கள் என்ற கேள்வி அந்தக் கைதட்டலில் அமுங்கிப் போயிற்று. அதைக் கோழியின் பக்கம் நின்று கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கோழி என்றதும் சிரிப்பு வரும், வரட்டும். நம் வரலாற்று எழுத்தில் குதிரைக்கு இடமுண்டு, யானைக்கு உண்டு, மாட்டுக்குக் கட்சிகளே உண்டு. கோழி குழம்பில் மட்டும்தான் வரும்.

விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில் சுமன் தாஸ், ஹரிஹர் கோஹ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993 டிசம்பரில் விண்ணப்பித்து 1995 மார்ச்சில் வாங்கிய காப்புரிமை அது. எண் 5,401,504. மஞ்சள் தூளைக் காயத்தின் மேல் போட்டோ உள்ளுக்குக் கொடுத்தோ காயத்தை ஆற்றலாம் என்பதுதான் கண்டுபிடிப்பு. இரண்டு பேருமே இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது கூடுதல் சங்கடம். நம் அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் 1996 அக்டோபரில் மறுஆய்வு கேட்டது. 32 ஆவணங்களைக் கொண்டுபோய் வைத்தது. அவற்றில் சமஸ்கிருதப் பழம்பிரதிகள் உண்டு, உருது உண்டு, இந்தி உண்டு, 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையும் உண்டு. எதிர்த்தரப்பு ஒரு வாதம் வைத்தது: நீங்கள் காட்டுவது அரைத்த விழுது, நாங்கள் சொல்வது தூள், இரண்டும் ஒன்றல்ல. அம்மியில் மஞ்சள் அரைத்த எந்தப் பெண்ணிடமும் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்கலாம். காப்புரிமை 1997இல் செல்லாது என்றாயிற்று.

ஏன் 32 ஆவணங்கள்? பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் 'எங்க அம்மா போட்டா, அவ அம்மா போட்டா' என்று சொல்ல வைத்திருக்கக் கூடாதா? கூடாது. அன்றைய அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. ஒரு முறை புதியதல்ல என்று காட்ட, அமெரிக்காவுக்கு உள்ளே அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, புழங்கியது என்று காட்டலாம். வெளிநாட்டிலிருந்து சாட்சி வருவதாயிருந்தால் அது காப்புரிமையாகவோ அச்சிட்ட வெளியீடாகவோ இருக்க வேண்டும். அதாவது அமெரிக்காக்காரன் வீட்டுக் கொல்லையில் நடந்தால் அது வழக்கம். கோவில்பட்டிக் கொல்லையில் நடந்தால் அதை யாராவது பார்த்து, எழுதி, அச்சுக்குக் கொடுத்தால்தான் நடந்ததாகும். 2013 மார்ச் வரைக்கும் சட்டம் இப்படித்தான் இருந்தது.

இதைத் தேச அவமானம் என்று எழுதினார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. வாயால் சொல்லிக் கையால் செய்கிற அறிவை அறிவாக எண்ணாத சட்டத்தைச் சந்தித்தபோது நம் தேசம் சங்கடப்படவே இல்லை. அது கேட்ட ஏட்டை எடுத்து நீட்டியது. 'எங்களிடம் சமஸ்கிருதத்திலேயே இருக்கிறது' என்று சொன்னபோது ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. ஏட்டில் இருப்பதுதான் அறிவு என்பதில் வாஷிங்டனுக்கும் நம்முடைய பண்டிதப் பாரம்பரியத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. 1976 ஜனவரியில் பாரிஸில் நிகழ்த்திய உரையில் ஃபூக்கோ 'அடக்கப்பட்ட அறிவுகள்' என்று ஒரு பேச்சை எடுத்தார். போதாத அறிவு, தரத்தில் கீழான அறிவு என்று ஒதுக்கப்பட்டவை. நோயாளியின் அறிவு, செவிலியின் அறிவு என்று அவர் அடுக்கிய வரிசையில் கோழி வளர்க்கிறவளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவள் மருத்துவச்சிகூட இல்லை. மருத்துவச்சிக்காவது ஒரு பேர் இருக்கிறது.

அவள் என்ன செய்கிறாள் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மஞ்சள் வழக்கை எழுதிய யாரும் இதைப் பார்க்கவில்லை.

எங்கள் கரிசல் பக்கத்தில் கோழி பெண்ணின் சொத்து. நிலம் அவள் பேரில் இருக்காது, மாடு அவன் பேச்சு, கோழி மட்டும் அவளுடையது. முட்டை விற்ற காசு சிறுவாட்டில் சேரும். ஒன்றுமில்லாதவள் அடுத்த வீட்டுப் பெட்டையை வாரத்துக்கு வாங்கி வளர்த்துக் குஞ்சில் பாதியை எடுத்துக்கொள்வாள். சேரிகளில் கோழி இன்னும் பெரிய விஷயம். மாடு வாங்க வழியில்லாத இடத்தில் அதுதான் வங்கி. ஆகவே கீரி கடித்த கோழி என்பது வங்கியில் விழுந்த ஓட்டை.

கடிக்கிறவை பல. கீரி, மரநாய், வெருகு, தெருநாய், மேலிருந்து பிராந்து. வெருகுக்கும் கோழிக்கும் உள்ள பகைக்கு ஏட்டுச் சாட்சி வேண்டுமென்றால் குறுந்தொகை 139 இருக்கிறது. மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வந்ததும் குஞ்சுகளைக் கூவி அழைக்கிற வீட்டுப் பேடையை ஒக்கூர் மாசாத்தியார் பார்த்திருக்கிறார். பார்த்தவர் பெண் என்பது தற்செயலாக இருக்காது. கடிபட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பது பாட்டில் இல்லை.

என் அத்தை செய்வதைச் சொல்கிறேன். கோழியை எடுத்ததும் காயத்தைத் தொட மாட்டாள். துணியைப் போர்த்திப் பஞ்சாரத்துக்குள் வைத்து மேலே சாக்கைப் போட்டுவிடுவாள். "பயத்துலயே செத்துப் போயிரும். மொத அதுக்கு மூச்சு அடங்கட்டும்." இன்றைக்குப் பறவை மருத்துவத்தில் அதிர்ச்சி என்று சொல்லி, இருட்டு, சத்தமின்மை, மிதமான சூடு என்று எழுதுவது இதைத்தான். அரைமணி கழித்துத்தான் சோதனை. ஒரு ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தால் இன்னொன்றைத் தேடுவாள். "பல்லு ஜோடியாத்தான எறங்கும், ஒண்ண மட்டும் பாத்துட்டு விட்டா அந்தப் பக்கம் அழுகிரும்." இறக்கைக்கு அடியில், தொடையிடுக்கில், முதுகில் இறகைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். காயத்தைச் சுற்றி இறகைக் கத்தரித்துவிடுவாள். பிடுங்க மாட்டாள். காயத்திலிருந்து மூச்சுக்கு மூச்சுக் காற்று வந்தால் அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. பறவையின் உடம்புக்குள் காற்றுப்பைகள் பரந்து கிடக்கின்றன. ஆழமான கடி அதில் ஓட்டை போட்டிருந்தால் ஊற்றுகிற தண்ணீர் மூச்சுக்குள்ளேயே போய்விடும்.

பிறகுதான் உப்புத் தண்ணீர். கொதிக்க வைத்து ஆற்றியது. ஒருமுறை கழுவி விடுவதில்லை, அழுக்கும் மண்ணும் போகும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் அதற்கு அப்புறம். ஈ முட்டை வைத்துப் புழு விழுந்துவிட்டால் சீத்தாப்பழ இலையைக் கசக்கி வைப்பது, சூடம் கரைத்த தேங்காயெண்ணெய் விடுவது. ஆழமான பல் ஓட்டையைத் தைக்க மாட்டாள். "மேல மூடுனா உள்ள புண்ணு வைக்கும்." ஆனால் இரைப்பை கிழிந்து தின்ற கம்பு வெளியே வந்தால் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகத் தைத்துவிடுவாள். பூச்சிமருந்து கலந்த தானியத்தைத் தின்றுவிட்ட கோழிக்கு இரைப்பையைக் கீறி, உள்ளிருப்பதைத் தள்ளி, கழுவித் தைத்துவிடுகிற பெண்களைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பார்க்கலாம். உள்ளே ஒரு தையல், மேல்தோலுக்குத் தனியாக ஒரு தையல். எதைத் தைப்பது, எதைத் திறந்து விடுவது என்ற இந்தப் பாகுபாடு அறுவை சிகிச்சையின் அடிப்படைப் பாடம்.

இன்னொன்று. கோழிப் புண்ணில் சீழ் ஒழுகாது. "தயிர்க்கட்டி மாரி திரளும். அத எடுக்காம மேல என்ன போட்டாலும் ஆறாது" என்பாள். மனிதச் சீழை இளகவைக்கிற நொதிகளில் சில பறவையின் வெள்ளணுக்களில் இல்லை, அதனால் அது கட்டியாகத்தான் நிற்கும். மனித மருத்துவம் மட்டும் படித்த ஒருவர் இந்தக் கட்டியைச் சதை வளர்கிறது என்று நினைத்து விட்டுவிடக்கூடும்.

காயம்பட்டதை மற்றக் கோழிகளோடு விட்டால் சிவப்பைக் கண்ட இடத்தில் கொத்தியே கொன்றுவிடும். ஆனால் கண்மறைவாகப் பத்து நாள் வைத்திருந்து திடீரென்று விட்டாலும் கொத்தும், யார் பெரியவள் என்ற சண்டை முதலிலிருந்து தொடங்கும். அதனால் பஞ்சாரத்தை முற்றத்திலேயே, மற்றவை பார்க்கிற மாதிரி வைப்பார்கள். கோழிகளுக்குள் இருக்கும் இந்தக் கொத்தும் வரிசையை நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே 1922இல் எழுதினார். சமூகவியல்வரை அந்தச் சொல் போயிற்று. சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளை உற்றுப் பார்த்துக் குறித்து வைத்தவர் அவர். குறித்து வைத்தார் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இனி ஏட்டு மருத்துவத்தின் பக்கம் போவோம். 1867இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் காயத்தில் பயன்படுத்தியதை எழுதினார். கிருமியைக் கொல்கிற மருந்தை ஊற்றினால் காயம் ஆறும் என்பது அடுத்த அரை நூற்றாண்டுக்கு நம்பிக்கையாகவே ஆனது. முதல் உலகப்போரில், பிரான்ஸின் பூலோன் நகரில் ஆல்ம்ராத் ரைட்டும் அவரிடம் வேலை பார்த்த ஃபிளெமிங்கும் இதைச் சந்தேகித்தார்கள். குண்டு கிழித்த காயம் நேரான பள்ளமல்ல, மூலை மூலையாகப் பிய்ந்திருக்கும். ஃபிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயை உருக்கி, முள் முள்ளாக நீளும் பொந்துகளோடு செயற்கைக் காயம் ஒன்றைச் செய்தார். அதில் கிருமியை விட்டு, கிருமிக்கொல்லியை ஊற்றிப் பார்த்தார். மருந்து பொந்துகளின் முனைக்குப் போய்ச் சேரவில்லை. போன இடத்திலும் கிருமியைவிட உடம்பின் வெள்ளணுக்களைத்தான் அதிகம் கொன்றது. ரைட் சொன்ன மாற்று, உப்புத் தண்ணீரால் கழுவுவது. பெனிசிலினுக்குப் பேர்போன ஃபிளெமிங்கின் இந்த வேலை அதற்குப் பத்து வருஷம் முந்தியது. அத்தைக்கு ரைட்டைத் தெரியாது, ரைட்டுக்கு அத்தையைத் தெரியாது. அதனால் அவள் அவரை முந்திவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாதிரிப் பெருமையில் எனக்கு நாட்டமில்லை. அவளுடைய உப்புத் தண்ணீர் அவளுடைய கோழியைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

பாஸ்டருக்கும் கோழிக்கும் உள்ள கடன் இன்னும் நேரானது. 1880இல் ஆய்வுக்கூடத்தில் வீரியம் குறைத்த கிருமியால் தடுப்பூசி போட முடியும் என்று அவர் காட்டியது கோழிக் காலராவை வைத்து. அந்தக் கிருமியை அவருக்கு அனுப்பியவர் துலூஸ் நகரத்துக் கால்நடை மருத்துவர் துசேன். பாடப்புத்தகத்தில் துசேனின் பேர் வராது. கிருமிக்குப் பாஸ்டரின் பேரையே வைத்தார்கள், பாஸ்டுரெல்லா. இந்தப் பாஸ்டுரெல்லா பூனைகளின் வாயில் சாதாரணமாகக் குடியிருப்பது. பூனை கடித்த கோழி, காயம் சின்னதாக இருந்தும் இரண்டாம் நாள் தலையைத் தொங்கப்போட்டுச் சாவதற்கு இது ஒரு காரணம். "பூனப் பல்லு வெசம்" என்று ஊரில் சொல்வது இதைத்தான். மஞ்சளுக்கு இது மட்டுப்படாது. இங்கே ஆன்டிபயாடிக் வேண்டும். அதைக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு அதன் முட்டையைத் தின்னக் கூடாது என்று சொல்ல ஒரு ஆளும் வேண்டும்.

அந்த ஆள் இருந்தாரா? காலனி அரசின் கால்நடை மருத்துவம் எதற்காக வந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். 1871இல் மாட்டுக் கொள்ளைநோய் ஆணையத்தின் அறிக்கை. 1889இல் பூனாவில் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம், 1893இல் அது முக்தேஸ்வர் மலைக்கு மாற்றம். 1903இல் சென்னையில் கால்நடைக் கல்லூரி. பட்டாளத்துக் குதிரை, பண்ணையார் மாடு, வரி கட்டுகிற உழவு. இதற்குள் கோழி வரவில்லை. கோழி அரசின் கண்ணில் படுவது 1920களில், ராணிகேத் மலைவாசஸ்தலத்தின் பேரைத் தாங்கி ஒரு கொள்ளைநோய் வந்தபோதுதான். நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். 1940களில் முக்தேஸ்வரில் அதற்குத் தடுப்பூசி செய்தார்கள். பெரிய காரியம், மறுக்கவில்லை. பின்னாளில் ராணிப்பேட்டையிலிருந்து வந்த மருந்து எங்கள் பக்கத்தில் எத்தனையோ முற்றங்களைக் காலியாகாமல் காப்பாற்றியது. ஆனால் கவனியுங்கள். கொள்ளைநோய்க்கு மந்தை வேண்டும். அரசுக்கு மந்தையைத் தெரியும், எண்ணிக்கையைத் தெரியும். காயம் என்பது ஒரு கோழிக்கு மட்டும் நேர்வது, அதற்குப் புள்ளிவிவரம் கிடையாது. மக்கள்தொகையைப் பேணுகிற அதிகாரம் தனி உடலைக் கண்டுகொள்ளாமல் விடும் இடம் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு மருந்தகத்தில் (பேர் வேண்டாம்) நாய் குதறிய பெட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோன அத்தைக்குக் கிடைத்த பதில்: "ஊசிக் காசுக்குக்கூடக் காணாதும்மா. அறுத்துக் கொழம்பு வச்சிருங்க." கணக்கு சரிதான். சிறுவாடு அந்தக் கணக்கில் வராது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நாமக்கல் இருக்கிறது. கூண்டுக்கோழிக்குக் கீரி பயமில்லை. ஆனால் நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்பதற்காகக் குஞ்சாக இருக்கும்போதே சூடான தகட்டால் அலகு நுனியை அறுத்து விடுவது முட்டைப் பண்ணைகளின் வழக்கம். காயம் அங்கே விபத்தல்ல, நிர்வாக முறை. மருந்துக்கும் அங்கே குறைவில்லை. காயமே இல்லாத கோழிக்கு, சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்தார்கள். மனிதர்களுக்கு வேறெதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கிற கொலிஸ்டின்கூட அதில் சேர்த்தி. உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில்தான் தடை செய்தது. கடிபட்டு மருந்தகத்துக்கு வந்த கோழிக்கு ஊசி கட்டுப்படியாகாது. கடிபடாத கோடிக்கணக்கான கோழிகளுக்குக் கட்டுப்படியாகும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மொத்தம் 85.18 கோடி கோழியினம், அதில் கொல்லைப்புறத்தில் வளர்வது 31.7 கோடி. மொத்தக் கணக்கில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 12.08 கோடி. கொல்லைக் கோழி அழிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

இப்படியெல்லாம் எழுதினால் இயற்கை வாழ்வியல் தோழர்கள் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கோழிப் புண்ணில் சாணியை அப்புகிற வழக்கமும் இதே கொல்லையில்தான் இருக்கிறது. கோழி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் ரணஜன்னி நஞ்சைத் தாங்குகிற சக்தி அதன் உடம்புக்கு மிக அதிகம். மனிதக் குஞ்சுக்கு அந்தச் சக்தி இல்லை. அதே சாணியைத் தொப்புள்கொடியில் வைத்து எத்தனை பச்சைப்பிள்ளைகள் வெட்டி இழுத்துச் செத்தன என்பது நம் கிராமங்களுக்குத் தெரியும். தாய்க்கு ஊசி போட்டு, மருத்துவமனையில் பேறு பார்த்து, 2015இல்தான் இந்தியா அந்தச் சாவை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. கோழி பிழைத்தது என்பதைச் சாட்சியாக வைத்துச் சாணிக்கு நற்பெயர் வந்திருந்தால் அந்தச் சாட்சி பொய். மஞ்சளும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதல்ல. குர்குமினைப் பற்றி வந்த ஆயிரக்கணக்கான ஆய்வுகளை அலசி 2017இல் வேதியியலாளர்கள் எழுதிய கட்டுரை, மருந்தாக அதன் மேல் வைத்த நம்பிக்கை பெரும்பாலும் தேறவில்லை என்றது. அத்தையின் வைத்தியத்தில் பாதிக்கு மேல் வேலை செய்தது உப்புத் தண்ணீரும், கட்டியை எடுத்த விரலும், சாக்கு போட்ட இருட்டும் என்றுதான் நினைக்கிறேன். அவற்றுக்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை, யாரும் மீட்கவும் இல்லை. அறிவு என்று நாம் பேசும்போது பொருளின் பேரைத்தான் பிடித்துக்கொள்கிறோம், மஞ்சள், வேம்பு என்று. எப்போது தைப்பது, எப்போது விடுவது என்கிற தீர்ப்பு பொருளில் இல்லை, கையில் இருக்கிறது. அடக்கப்பட்ட அறிவை மீட்பது என்றால் அதைச் சோதிக்கவும் வேண்டும், அந்தக் கையை உடைய பெண்ணோடு உட்கார்ந்து.

வழக்குக்குப் பிறகு அரசு என்ன செய்தது? 2001இல் மரபறிவு எண்ம நூலகம் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகியவற்றின் நூல்களிலிருந்து மருந்து முறைகளை எடுத்து ஐந்து உலக மொழிகளில் போட்டு, காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். எத்தனையோ விண்ணப்பங்களை அது தடுத்திருக்கிறது. ஆனால் நுழைவுச்சீட்டு பழையதுதான், நூல். தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் சிலர் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள், சீத்தா இலை என்று மாட்டுப் புண்ணுக்கு ஊரார் வைத்ததைக் கேட்டு, அளவோடு எழுதி, விவசாயிகளுக்கே திருப்பிச் சொல்லிக் கொடுத்தது எனக்கு இதைவிடப் பெரிய காரியமாகத் தெரிகிறது. அதிலும் மாடுதான் முன்னால் நிற்கிறது.

சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஒரு விண்ணப்பத்தை எதிர்க்கச் சொல்லக்கூடிய காரணங்களில் ஒன்றாக, இந்தியாவிலோ வேறெங்குமோ உள்ள ஒரு வட்டாரச் சமூகத்திடம் 'வாய்மொழியாகவோ வேறு விதமாகவோ' அது ஏற்கெனவே இருந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறது. மஞ்சள் வழக்கில் இல்லாத வார்த்தை இது. காப்புரிமை வழங்குவதற்கு முன்னால் இந்த எதிர்ப்பைச் செய்ய வக்கீலோ நிறுவனமோ விஞ்ஞானியோ ஆகியிருக்க வேண்டியதில்லை, 'எவரும்' செய்யலாம். என் அத்தையும் செய்யலாம், வாரத்துக்குக் கோழி வளர்க்கிறவளும் செய்யலாம். எழுத்துமூலமாகக் கொடுக்க வேண்டும்.